பெரியப்பாவின் சிவப்புக் கட்டடம்

எங்கள் வீட்டுப் பட்டாசலில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாகத் தொங்கியது ஒரு கட்டடத்தின் படம். அதன் முன்னால் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து நாலாவதாக, தொப்புளுக்கு மேலே ஏறிய பேண்டும் பின்னால் கட்டிய கையுமாக நிற்பது என் பெரியப்பா. வருஷம் 1964, இடம் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரி. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அந்தக் கட்டடம் சிவப்பு என்பது எங்கள் வீட்டில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பா சொல்லிச் சொல்லியே அதற்கு நிறம் ஏறியிருந்தது.

"படிச்சா அந்தச் சிவப்புக் கட்டடத்துல படிக்கணும்" என்பார். தீபாவளிக்கு வந்தாலும் சொல்வார், துட்டி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வார். வளைவு வளைவாகத் தாழ்வாரம், வெயில் உள்ளே எட்டிப் பார்க்காத வகுப்பறை, செங்கல்லில் கட்டி செங்கல்லாகவே விட்ட சுவர். கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடிக்கும் ஆச்சி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "சுவரு செவப்பா இருந்தா நெல்லு கூட வெளையுமாய்யா?"

ஆச்சிக்கு நியாயம் இருந்தது. எங்கள் வயல் மருதூர் கீழக்கால் பாசனத்தில் இருக்கிறது. ஆனியில் கார், ஐப்பசியில் பிசானம் என்று இரண்டு போக நெல். தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பதைத் தாத்தா பாபநாசத்துப் பக்கம் இருட்டியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய், மண்ணைப் பற்றிப் படித்து, பட்டத்தோடு திரும்பி வந்து, கடைசியில் ஞாபகம் வைத்துக்கொண்டது ஒரு கட்டடத்தை என்றால் ஆச்சி கேட்கத்தானே செய்வாள்.

1993-இல் எனக்கு வேளாண்மைப் படிப்பில் இடம் கிடைத்தபோது, அது கிள்ளிகுளத்தில் கிடைத்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் தூத்துக்குடி பஸ் ஏறி, பாளையங்கோட்டை தாண்டி, முறப்பநாடு தாண்டி, வல்லநாட்டில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் வெளிமான்கள் திரியும் வல்லநாட்டு மலை. 1984-இல் தொடங்கிய கல்லூரி. எனக்கே ஒன்பது வயது ஆனபின் பிறந்த கல்லூரி என்று பார்த்தால், அதில் பழைய கட்டடத்துக்கு எங்கே போவது? கான்கிரீட், சுண்ணாம்பு, இரும்பு ஜன்னல். எந்தப் பெரியப்பாவும் முன்னால் நின்று போட்டோ எடுத்துப் பட்டாசலில் மாட்டும் முகம் அதற்கு இல்லை.

பெரியப்பா வாழ்த்துச் சொன்னார். அந்தக் குரலில் துட்டி விசாரிக்கிற சாயல் கொஞ்சம் இருந்தது. "பரவால்லம்மா. மேல்படிப்புக்கு அங்க போயிரலாம்."

அவர் எனக்கு இன்லேண்டு லெட்டர் போடுவார். முகவரியில் கல்லூரி நின்ற மாவட்டத்தின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் எப்போதும் "திருநெல்வேலி ஜில்லா" என்றே எழுதுவார். கல்லூரி தொடங்கிய நாளில் அது சரியான முகவரிதான். 1986-இல் மாவட்டத்தைப் பிரித்து, கடலோரத்துப் பாதிக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். நான் படித்த நான்கு வருஷமும் எங்கள் விடுதி முகவரி சிதம்பரனார் மாவட்டம். நான் படித்து முடித்த 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்கள். அது தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. பெரியப்பா இந்த எதையும் சட்டை செய்யவில்லை. தபால்காரரும் செய்யவில்லை. கடிதம் ஒழுங்காக வந்தது.

கிள்ளிகுளத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு வயல் கொடுப்பார்கள். உழுவதிலிருந்து அறுப்பதுவரை அவரவர் பாடு, அதற்கு மார்க். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர்கள் என்ற திமிரில் நான் என் துண்டை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கதிர் பால் பிடிக்கிற சமயம் ஒரு வாரம் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மயில்கள் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. பக்கத்துத் துண்டு ஒரு மதுரைப் பிள்ளையுடையது. அவள் அப்பா பாங்கு மேனேஜர். அவள் வயலில் சுற்றிலும் பழைய கேசட் நாடா கட்டி, அது காற்றில் விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. ஒரு கதிர் போகவில்லை. ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் தெறித்தது.

சரி, சிவப்புக் கட்டடத்துக்கு வருவோம். அதன் கதை தொடங்குவது கோயம்புத்தூரில் இல்லை, சைதாப்பேட்டையில்.

1860-களில் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். இந்தியாவில் விவசாயத்தை உயர்த்த வேண்டுமானால் இங்கிலாந்துக் கருவிகள் வந்தால் போதும் என்று நம்பியவர். நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் என்று கப்பலில் வந்து இறங்கின. அவற்றை ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டுமே, அப்படித்தான் சைதாப்பேட்டைப் பண்ணை. நீராவிக் கலப்பை என்றால் இன்றைய டிராக்டர் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. கொதிகலன் எஞ்சின் வயல் ஓரத்தில் நின்று புகை விடும். கம்பி வடத்தில் கட்டிய கலப்பையை அது வயலுக்குக் குறுக்கே இழுக்கும். பெரிய பெரிய வயல்களுக்கென்று செய்தது. நம்மூரில் வரப்புக்கு வரப்பு ஆள் மாறும் துண்டு நிலத்தில் அதைத் திருப்பவே இடம் போதாது. எரிக்கக் கரிக்கு எங்கே போவது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது? பண்ணை வாய்த்த இடமும் நல்ல மண் இல்லை. பட்டணத்து ஓரத்து மணல் பாங்கு.

அந்தப் பண்ணையை ஒட்டி வேளாண்மைப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1876-இல். அந்த வருஷத்தைக் கவனியுங்கள். தாது வருஷம். தென்னாட்டையே புரட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய அதே வருஷம், விவசாயத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடமும் திறந்திருக்கிறது. பஞ்சம் முடிந்தபின் 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, மாகாணத்துக்கு ஒரு வேளாண்மைத் துறை வேண்டும் என்றது, சென்னையில் 1882-இல் துறை வந்தது. இன்று நம் ஊர் வேளாண் விரிவாக்க மையத்தில் மானிய விதைக்காக நிற்கிற வரிசையின் தலைப்பக்கம் அந்தப் பஞ்சத்தில்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் ஒரு வெள்ளைக்காரர். ஜான் அகஸ்டஸ் வோல்கர், வேதியியல்காரர். இந்திய விவசாயத்தில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல 1889-இல் இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். நாடெல்லாம் சுற்றினார். 1893-இல் வெளிவந்த அறிக்கையில் அவர் சொன்னதன் சாரம், நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயங்களில் மேலானவன் என்பதுதான். கோளாறு பார்க்க வந்தவர் சொன்னது இது. வகுப்பில் இந்தப் பகுதி நடந்த அன்று ஊருக்குப் போய் தாத்தாவிடம் ஆசையாகச் சொன்னேன். "இதச் சொல்ல அவன் கப்பலேறி வரணுமாக்கும்" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து கர்சன் காலம். 1905-இல் பீகாரில் பூசா என்ற இடத்தில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய பங்கு அதற்குப் போனது. அந்த 'ஃபிப்ஸ் ஆஃப் யு.எஸ்.ஏ.'தான் பூசா ஆயிற்று என்று எங்களுக்கு ஒருவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். நாங்களும் பரீட்சையில் எழுதினோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊருக்கு அந்தப் பெயர் முன்னாலேயே இருந்தது. 1934 பூகம்பத்தில் நிலையம் இருந்த மாளிகை சிதைந்து, நிலையம் 1936-இல் டெல்லிக்கு இடம் மாறியபோது பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். டெல்லியிலும் அது பூசாதான்.

அதே அலையில்தான் சைதாப்பேட்டைக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியது. மணல் பூமியை விட்டுவிட்டு, நன்செய், தோட்டக்கால், மானாவாரி மூன்றும் கைக்கெட்டும் ஊராகப் பார்த்துப் போனார்கள். சிவப்புக் கட்டடம் எழுந்தது அப்போதுதான். வகுப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ். பாடம் எடுப்பவர்தான் ரகமும் கண்டுபிடிப்பார். 1912-இல் பக்கத்திலேயே கரும்பு நிலையம் வந்தது. விஞ்ஞானிகளான பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்பான பேய்க்கரும்பையும் நாட்டுக் கரும்பையும் இணைத்த வேலை அங்கே நடந்தது. அதில் பிறந்த கோ 205 என்ற கரும்பு வடநாட்டு வயல்களுக்கு 1918-இல் போனது. 1920-இல் கல்லூரி பட்டப்படிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற நெல் வந்தது. அந்த மூன்று எழுத்தும் கண்டுபிடித்தவரின் உத்தியோகப் பெயர்: கவர்மெண்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட். அரசாங்கத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். குடியானவர்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று வாய்க்குச் சுகமாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் 1940-களில் அங்கே மாணவர். 1971-இல் அந்தக் கல்லூரியே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

1997-இல் மேல்படிப்புக்கு நானும் அங்கே போனேன். பெரியப்பாவுக்கு அன்று வந்த சந்தோஷம் எனக்கு வந்ததைவிடப் பெரிசு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "லாலி ரோடு, லாலி ரோடு" என்று கத்த, இறங்கி, பெட்டியோடு உள்ளே நடந்தேன்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. சிவப்புதான். ஆனால் அவர் சொன்ன சிவப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. காலையில் பார்த்தால் செம்மண் வரப்பு நிறம். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில், நனைந்த செங்கல் கிட்டத்தட்டக் கருஞ்சிவப்பாக இருக்கும். சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தால் செங்கல்லுக்குச் செங்கல் நிறம் ஒன்றுபோல் இல்லை. சூளையில் கூடுதலாக வெந்தது கறுத்தும், குறைவாக வெந்தது காவியாகவும் கலந்து கிடக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்பு. அந்த ஒன்பது பேர் நின்ற இடம் எது என்று நான் மூன்று நாள் தேடினேன். மரங்கள் வளர்ந்துவிட்டதால் எந்த வளைவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் வ.உ.சி.யைப் பற்றி யாரோ எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தபோது தேதிகள் எனக்குள் சட்டென்று ஒன்றோடொன்று முட்டின. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மார்ச் 13 அன்று திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் அவரைக் கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். 1910 டிசம்பர் வரை அங்கேதான் இருந்தார். செக்கில் மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டினார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வருஷங்களில்தான் ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே இந்தச் சிவப்புக் கட்டடம் புதுக்கருக்கோடு நின்றது. இங்கே வித்துக்களைப் பற்றி வகுப்பு. அங்கே எங்கள் ஓட்டப்பிடாரத்து வக்கீல் வெயிலில் செக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அப்போது மாகாண ஆளுநர் சர் ஆர்தர் லாலி. நான் தினம் பஸ் இறங்குகிற ரோட்டுக்குப் பெயர் கொடுத்தவர்.

பெரியப்பா நான்கு வருஷம் அந்த ரோட்டில் நடந்தவர். இதை ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. விடுதிச் சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தவர், கடைசியில் ஒரு வரி: "நீ எழுதியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

என் ஆய்வுக்குப் பருத்தி எடுத்தேன். அதனால் திரும்பவும் ஊர்ப் பக்கம் வர வேண்டியதாயிற்று. கோவில்பட்டிக்கு.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையைப் பற்றி எனக்குக் கிள்ளிகுளத்திலேயே தெரியும், ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். கடலை மிட்டாய் வாங்கியது நினைவிருக்கிறது, பண்ணை நினைவில்லை. ஆய்வுக்காக வந்தபோதுதான் பார்த்தேன். தொடங்கிய வருஷம் 1901. ஒரு நிமிஷம் திரும்பக் கணக்குப் போட்டேன். 1906-க்கு முன்னால். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகச் சாமிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்த கட்டடத்தைவிட மூத்தது, எங்கள் ஜில்லாக் கரிசலிலேயே இருந்திருக்கிறது. அதுவும் பெரியப்பா 1972-லிருந்து இரண்டு வருஷம் கோவில்பட்டி வட்டாரத்தில் விரிவாக்க அலுவலராக வேலை பார்த்தவர். அங்கே எடுத்த படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அது ஏன் கோவில்பட்டியில் வந்தது என்றால் பருத்திக்காக. 'டின்னவெல்லிஸ்' என்று சந்தையில் பெயர் பெற்ற பருத்தி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போனது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கருங்கண்ணி கிராமத்தின் பெயரைத் தாங்கிய கருங்கண்ணிப் பருத்தி, புஞ்சைக் கரிசலில் மழையை மட்டும் நம்பி வளரும். அதற்குள் புளிச்சை என்று ஒரு கட்டை இழைப் பருத்தி கலந்துவிட்டது. புளிச்சையைக் கொட்டை நீக்க அரைத்தால் பஞ்சு கூடுதலாக விழும், அதனால் ஆட்கள் விட மாட்டார்கள். ஆனால் நூற்பவனுக்கு ஆகாது. கலப்பைக் களைந்து, நல்ல இழைச் செடியைத் தேர்ந்து, விதை பெருக்கிக் கொடுப்பது பண்ணையின் ஆரம்பகால வேலை. அப்படி வந்த ரகங்களுக்குக் கோவில்பட்டியின் கே எழுத்து: கே 1-லிருந்து கே 11 வரை.

அங்கே எனக்கு முதல் வேலை இழை அளப்பது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் பண்ணையில் முப்பது வருஷமாகக் கூலிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா. பட்டம் கிடையாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு கொட்டையை, பஞ்சு ஒட்டியபடியே, இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். கொட்டையின் முதுகில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டில் வகிடு எடுக்கிற மாதிரிப் பஞ்சை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் சின்னச் சீப்பால், வேரிலிருந்து இழுக்காமல் முதலில் நுனியை, பிறகு நடுவை, பிறகு அடியை என்று மெதுவாகச் சீவ வேண்டும். அவசரப்பட்டால் இழை கையோடு வந்துவிடும். சரியாகச் சீவினால் கொட்டையின் இரண்டு பக்கமும் பஞ்சு வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி விரிந்து நிற்கும். அதைக் கறுப்பு அட்டையில் வைத்து அடிக்கோலால் அளக்க வேண்டும். நான் முதல் நாள் நாற்பது கொட்டையை நாசமாக்கினேன். நாற்பத்தோராவது விரிந்தது. 23 மில்லிமீட்டர். "தலை சீவி விடத் தெரிஞ்ச பிள்ளைக்கு இது தெரியாதா" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலை சீவிவிட வீட்டில் ஆச்சி இருந்தாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கரிசலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கோடையில் அது வாய் பிளந்து கிடக்கும், வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் வெடிப்பெல்லாம் மூடி, செருப்பு ஒன்றுக்கு ஒரு கிலோ மண் ஏறும். அப்போது விதைக்கலாம் என்றால் ஏர் இறங்காது. ஈரம் காயட்டும் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் ஆழமாக விதைத்துவிட்டுக் காத்திருக்கும் முறையைக் கோவில்பட்டி திரும்பத் திரும்பச் சோதித்தது. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கே உலர்த்தி விதைப்பார்கள். விதை ஒரு தடவை தண்ணீர் குடித்து, மறுபடி காய்ந்து, தாகத்துக்குப் பழகிக்கொள்ளும் என்பது கணக்கு. மழை வருகிற அன்று அது முந்திக்கொண்டு முளைக்கும். வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதிலும் பெரும்பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் ஊரில், நாலு நாள் முந்துவது என்பது சின்ன விஷயம் இல்லை.

இதே பண்ணையில்தான், பின்னாளில் இயற்கை விவசாயத்துக்குக் குரல் கொடுத்த நம்மாழ்வார் 1963-இல் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் என்ன இடைவெளி விடுவது, எவ்வளவு ரசாயன உரம் போடுவது என்ற சோதனைகள் அவர் கையில். வானம் பார்த்த பூமியில், கையில் காசில்லாத சம்சாரிக்கு, விலைகொடுத்து வாங்கும் இடுபொருளை வைத்துச் சோதனை செய்து என்ன பயன் என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்கிறது. 1969-இல் வேலையை விட்டுவிட்டு, தெற்கே களக்காட்டில் அமைதித் தீவு என்ற அமைப்பில் சேர்ந்தார். நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் பாதிரியார் தொடங்கிய அமைப்பு அது. பின்னாளில் தமிழ்நாடு முழுக்க நடந்த நம்மாழ்வாரின் நடை, கோவில்பட்டிக் கரிசலிலிருந்து களக்காட்டுச் சிவப்பு மண்ணுக்கு நடந்ததில் தொடங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறவள் இல்லை. நான் உரம் சிபாரிசு செய்து சம்பளம் வாங்கியவள். ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வியை ஆச்சியின் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஜாடை.

பெரியப்பாவிடம் நம்மாழ்வாரைத் தெரியுமா என்று கேட்டேன். "நான் போறதுக்கு முன்னாலயே அவரு போயிட்டாரும்மா. ஆனா அவரு கேட்டத அங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம், மனசுக்குள்ள" என்றார். இவ்வளவு வெளிப்படையாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பாசனக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1937-இல் வந்தது. ஏ.எஸ்.டி. என்று தொடங்கும் நெல் எல்லாம் அங்கே பிறந்தவை. 1986-இல் வெளியான ஏ.எஸ்.டி. 16, ஏ.டி.டி. 31-க்கும் கோ 39-க்கும் பிறந்த பிள்ளை, 110 நாளில் இருந்து 115 நாளுக்குள் அறுப்புக்கு வரும், கட்டை மணி. எங்கள் பக்கத்தில் அதற்கு அம்பை பதினாறு என்றுதான் பெயர். கார் போகத்துக்குத் தோதாக அமைந்தது. இந்த மாதிரி ஒரு நெல்லைப் பிறப்பிக்க, சாயங்காலம் கதிரின் ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்று விடாமல் எடுத்து, காகித உறை மாட்டி, மறுநாள் காலை மற்ற ரகம் பூத்ததும் அதன் தூளைத் தட்ட வேண்டும். ஆறில் ஒன்று தங்கினாலும் உழைப்பு வீண். தாத்தா அம்பை பதினாறு போட்டு நல்ல மகசூல் எடுத்தார். ஆச்சி ஒரு வாரம் சோறு வடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இட்டிலிக்கு ஆகும்." இன்றைக்கும் எங்கள் பக்கம் பல வீடுகளில் இட்லிக்கு அதுதான்.

ஆச்சி போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. பட்டாசல் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்தபோது கழற்றிய படத்தைப் பெரியப்பா தன்னோடு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார். கழற்றியபோது பின்பக்கம் பார்த்தேன். ஒன்பது பேரின் பெயரும் ஊரும், அவர் கையெழுத்தில். திருநெல்வேலி ஜில்லா என்று எழுதியிருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

போன தை மாதம் அவரை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டுபோனேன். எண்பது தாண்டிவிட்டது. திரும்பும்போது நேர் வழியை விட்டு வல்லநாடு சுற்றி வந்தேன். கிள்ளிகுளத்து வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் அதுவரை என் கல்லூரியைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாசித்தார். வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்.

"இந்தப் பேரு எப்ப வச்சாவ?"

"கொஞ்ச வருஷம் ஆச்சு பெரியப்பா. நான் படிச்சப்ப இல்ல."

உள்ளே சாலையோரம் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தார். வண்டியை எடுக்கச் சொல்வார் என்று சாவியில் கை வைத்தேன்.

"கோயம்புத்தூர்ல அந்த ரோட்டுக்கு இன்னும் லாலி ரோடுன்னுதான் பேரா?"

"ஆமா பெரியப்பா."

அவர் கண்ணாடியை ஏற்றவில்லை. முறப்பநாடு வரை காற்றும் தூசியும் உள்ளே அடித்துக்கொண்டே வந்தன.